காசிமேட்டு விடியலா, தங்கசாலைத் தெரு நண்பகலா?

ஒளியைப் படம் பிடிக்கப் பழக வேண்டும் என்று வடசென்னையில் யாரிடம் யோசனை கேட்டாலும், விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகச் சொல்வார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. அழகான படம் வேண்டுமென்றால் காசிமேடு. ஒளியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் சவுகார்பேட்டையின் தங்கசாலைத் தெரு, அதுவும் எல்லோரும் கேமராவைப் பையில் போட்டுவிடும் மதிய நேரத்தில்.

காசிமேட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. சூரியன் நேராகக் கடலிலிருந்து எழுகிறது, குறுக்கே கட்டடம் எதுவும் இல்லை. ஈரத் தரை, படகுகளின் நிழலுருவங்கள், ஏலக் கூட்டம் என்று எங்கே திருப்பினாலும் படம் கிடைக்கிறது. அதுதான் சிக்கலும். எல்லாவற்றின் மேலும் பொன் பூசிய வெளிச்சத்தில் சுமாரான சட்டகமும் தப்பித்துவிடுகிறது. எதனால் நன்றாக வந்தது என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை. அந்த நிறமும் நெடுநேரம் நிற்காது. நம் ஊர் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், உதித்த அரை மணி நேரத்துக்குள் வெயில் வெளுக்கத் தொடங்கிவிடும்.

ஆனாலும் அங்கே ஒரு நல்ல பாடம் உண்டு: ஐஸ். உடைத்த ஐஸின் மேல் சங்கராவைப் பரப்பிய ஒரு கூடை போதும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் தட்டையாக, கடை விளம்பரம் போல் இருக்கும். பக்கத்துக்கு நகர்ந்தால் செதில் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கம் போனால் ஐஸ் உள்ளிருந்தே ஒளிர்வதாகத் தோன்றும். வெள்ளை ஐஸ் சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி, அதாவது இரு மடங்காக, கூட்டிவைக்க வேண்டும். கூடைக்கு உரிய அக்கா, “தம்பி, வாங்க வருகிறவர்கள் நிற்க இடம் விடு” என்று சொல்லும் முன்பே விலகிவிடுவது மரியாதை.

தங்கசாலைத் தெரு ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. காலையில் மேற்கு வரிசைக் கட்டடங்களின் மாடியில் மட்டும் வெயில். தரை முழுக்க நிழல். நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் வெயில் தரைவரை இறங்குகிறது, அதுவும் கடைகளின் தார்ப்பாய்களுக்கு இடையே கிடைக்கும் சந்துகள் வழியாக. பாத்திரக் கடை வாசலில் அடுக்கிய குடங்களில் ஒன்று மட்டும் கண் கூசும். பக்கத்துக் குடம் இருட்டில். இங்கே தேர்வு செய்தே ஆக வேண்டும். வெயில் பட்ட இடத்துக்கு அளவு வைத்தால் மற்றதெல்லாம் கறுப்பு. வைத்துப் பாருங்கள், அந்தக் கறுப்பு நல்லது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் வேகம் 1/100 நொடி என்ற பழைய வெயில் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்.

செல்போனா, கேமராவா என்று கேட்டால், இரண்டும் சரி. போன் நிழலைத் தானே வெளுத்துக் காட்டப் பார்க்கும். திரையில் வெயில் பட்ட இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொண்டால் போதும்.

எனக்கு அந்தத் தெருவில் மிகவும் பிடித்தது நேர் வெயில்கூட அல்ல, திரும்பி வரும் வெயில். தரையில் விழுந்த ஒளி மேலெழும்பி, பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரின் முகத்தை மோவாய்ப் பக்கத்திலிருந்து மென்மையாகத் தொடுகிறது. எதிர்ச்சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் முகம் தெளிவு. மேலே நீலத் தார்ப்பாய் என்றால் முகமும் சேலையும் ஜிலேபியும் நீலம் பாரிக்கும். அந்த நீலத்தைத் திருத்த முயல்வதைவிட இரண்டடி தள்ளி நிற்பது மேல்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டு ஜன்னலும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருக்கின்றன. பொறுமைசாலிகளுக்கு ஏற்றது, எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் காசிமேட்டில் வரத்துக் குறைவு. பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதுமே காட்சி. அதே பருவத்தில், ஏப்ரல் கடைசி வாரத்தில், சென்னையின் உச்சிக்கு நேர் மேலே சூரியன் வருகிறது. பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் குடத்தின் நிழல் குடத்தடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இன்னொரு முறை. டிசம்பரில் கதை வேறு: நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் ஆள் உயரத்தில் முக்கால் பங்கு வடக்கே நீளும். அப்போது தெருவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால், எதிரே வரும் கைவண்டியும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் புகையும் பின்னொளியில் கிடைக்கும். லென்ஸுக்கு மேலே கையை மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.