கம்போங் அட்மிரல்ட்டி: தாத்தா பாட்டிகளுக்கு ஏற்ற இடமா?

பண்டிகை நாளில் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்கு வந்து, இரண்டு பாட்டுப் பாடி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதையே தலைமுறைகளின் சந்திப்பு என்று சொல்லிப் பழகியவர்கள், சிங்கப்பூரின் அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி, மூத்தோர் வீடுகளும் பொது வசதிகளும் ஒன்றாக அமைந்த கம்போங் அட்மிரல்ட்டி வளாகத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2018இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இவ்வளாகம், அதே ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகவும் தேர்வு பெற்றது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதன் அடுக்குமுறைதான். தரைத்தளத்தில் சமூகத் திடல், அதன்மேல் உணவங்காடி நிலையம், அதற்கும் மேல் மருத்துவ நிலையம், மேல்தளங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் அருகருகே என்று அமைத்திருப்பதால், பேரனைப் பராமரிப்பு நிலையத்தில் விட வரும் பாட்டி அப்படியே உடற்பயிற்சிக்கோ மருத்துவரிடமோ போய்விட முடிகிறது. மாடித் தோட்டத்தில் சிறுவர் விளையாட்டிடத்தின் பக்கத்திலேயே பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளும் உள்ளன. பொம்மை படம் போட்ட சின்னஞ்சிறு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலால் மிதிக்கும் கருவியை நிதானமாக மிதித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் யாரும் சென்று “நிகழ்ச்சியில் கலந்துகொள்ளுங்கள்” என்று அழைக்கத் தேவையிருக்கவில்லை.

55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காகக் கட்டப்பட்ட 104 ஸ்டூடியோ எனப்படும் சிறிய வீடுகள் இரண்டு புளோக்குகளில் உள்ளன. அண்டை வீட்டார் உட்கார்ந்து பேசுவதற்கென்றே வாசல் பகுதிகளில் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டால் நாள் முழுக்க ஒரு முகத்தையும் பார்க்காமல் இருந்துவிடக்கூடிய அடுக்குமாடி வாழ்க்கையில் இது சிறிய உதவியல்ல.

ஆயினும், இது தாமாக நடமாடக்கூடிய மூத்தோருக்கான வளாகம் என்பதை மறந்துவிடக் கூடாது. படுக்கையிலேயே இருப்பவர்களுக்கும் மறதி நோய் முற்றியவர்களுக்கும் தேவையான இரவு பகல் பராமரிப்பைத் தாதிமை இல்லம்தான் தர முடியும். அத்தகையவர்கள் குழந்தைகளைச் சந்திக்க, பக்கத்து அறையில் குழந்தைகள் இருந்தால் மட்டும் போதாது. சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லவும், குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தரவும், களைப்புத் தெரிந்தவுடன் அறைக்கு அழைத்து வரவும் ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆகவே தாதிமை இல்லம் தேடும் குடும்பத்தினர், குழந்தைகள் வருகிறார்களா என்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் எத்தனை நாள், அதே குழந்தைகளா, உடன் இருப்பவர் யார் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளாகத்தைப் பார்க்க வார நாளின் காலைப்பொழுதே ஏற்றது; ஞாயிற்றுக்கிழமை சென்றால் உணவங்காடியின் கூட்டத்தைப் பார்க்கலாமே தவிர, குழந்தைப் பராமரிப்பு நிலையம் மூடியிருக்கும்.