குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான மூன்று நாள் கூட்டுப் பயிற்சி: இரண்டாம் நாளுக்காகப் போகலாம்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர், குழந்தைகள் இல்லக் கண்காணிப்பாளர், காவல் நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலர், 1098 குழந்தை உதவி எண் மையப் பணியாளர். ஒரே குழந்தையின் கோப்பு இத்தனை பேர் கையிலும் போகிறது. ஆனால் பயிற்சி என்று வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மண்டபம், தனித்தனி மதிய உணவு. எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறோம் என்று சொல்லி ஒரு தனியார் பயிற்சி அமைப்பு தமிழ்நாட்டில் நடத்தும் மூன்று நாள் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்பீடு. மாவட்டங்கள் இதற்கு ஆள் அனுப்பலாமா? இரண்டாம் நாளுக்காக அனுப்பலாம். முதல் நாளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் நாள் முழுக்கச் சட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டு நெறிமுறைகள். பேச்சாளருக்கு விஷயம் தெரியும், ஸ்லைடுகளுக்குத் தெரியவில்லை. தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் பிறப்பிக்கும் என்றே ஸ்லைடில் இருக்கிறது. 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த பிறகு அது மாவட்ட ஆட்சியரின் அதிகாரம். நடுவர் முன் வாக்குமூலம் என்ற இடத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவு. பழைய எண்ணை எழுதிக்கொண்டு போகும் புதுப் பணியாளர் அதையே அறிக்கையிலும் எழுதுவார்.

முதல் நாளில் உருப்படியான பகுதி வயது நிர்ணயம்தான். இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவின் வரிசை: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. நடைமுறையில் இது தலைகீழாகிவிடுகிறது. குழந்தை வேறு மாநிலம் என்றதும் மருத்துவமனைக்குக் கடிதம் பறக்கிறது. பரிசோதனை தருவது ஒரு வயது வரம்பைத்தான், பிறந்த தேதியை அல்ல. ஊர்ப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தேதியே கிடைத்திருக்கும். இதை மாதிரி ஆவணங்களோடு செய்து காட்டியது நன்று.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். மேசைக்கு ஆறு பேர், ஆறு பேரும் வெவ்வேறு பதவி. மேசைக்கு ஒரு கோப்பு: ரயில் நிலையத்தில் தனியாக இருந்த 11 வயதுச் சிறுவன், தந்தை இல்லை, தாய் கூலி வேலை, ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. உதவி மையப் பணியாளர் படிவம் 17, அதாவது குழந்தையைக் குழுவின் முன் நிறுத்தும்போது தரும் அறிக்கை எழுதுகிறார். குழு உறுப்பினர் அந்தத் தாளை மட்டும் வைத்து முதல் உத்தரவு போட வேண்டும். சமூகப் பணியாளர் படிவம் 22, அதாவது சமூக விசாரணை அறிக்கை எழுதுகிறார். கண்காணிப்பாளர் அந்த அறிக்கையை மட்டும் பார்த்துப் படிவம் 7-இல் தனிநபர் பராமரிப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவருகிறது.

முதலில் சிக்குவது நேரம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் அதில் சேராது. குழந்தை கைக்கு வந்த மணியை எழுதாமல் தேதியை மட்டும் எழுதினால் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று குழுவுக்குத் தெரியாது. பெரும்பாலான மேசைகளில் மணி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழு அமராதே என்று காத்திருப்பது இன்னொரு பிழை. அமர்வு இல்லாத நாளில் தனி உறுப்பினர் ஒருவரின் முன் நிறுத்தலாம்.

அடுத்து, 15 நாளுக்குள் முடிக்க வேண்டிய சமூக விசாரணை அறிக்கை. இதற்கு மூன்று நிறப் பேனா கொடுக்கிறார்கள். பணியாளர் நேரில் பார்த்ததற்குப் பச்சை, ஒருவர் சொன்னதற்கு நீலம், எழுதியவரின் ஊகத்துக்குச் சிவப்பு. "வீட்டுச் சூழல் சரியில்லை" சிவப்பு. "தாய்க்குக் குழந்தை மேல் அக்கறை குறைவு" அதுவும் சிவப்பு. "ஒரே அறை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தாய் காலை 7 மணிக்குப் போய் இரவு 8-க்குத் திரும்புவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்" என்று எழுதினால் பச்சையும் நீலமும் வருகிறது, குழு முடிவெடுக்கவும் பிடி கிடைக்கிறது. முதல் சுற்றில் பல அறிக்கைகள் செவ்வரளித் தோட்டம் போல ஆகிவிடுகின்றன. ஆளைத் திட்டாமல் எழுத்தைத் திருத்த இதைவிட எளிய வழி இல்லை.

சிவப்பு வரிகள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதையும் அங்கேயே காட்டுகிறார்கள். "சூழல் சரியில்லை" என்று படித்த குழு, இல்லத்தில் சேர்க்க உத்தரவு போடுகிறது. ஆனால் இந்தச் சிறுவன் விஷயத்தில் சிக்கல் வறுமை மட்டுமே. இல்லம் கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே அடிப்படைக் கொள்கையாக இருக்கிறது. தாய் கணவனை இழந்தவர், ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் என்றால், மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய்க்குப் பரிந்துரைக்கலாம். இதற்கு வருமானமும் தந்தையின் இறப்பும் அறிக்கையில் ஆதாரத்தோடு இருக்க வேண்டும். முதல் சுற்றில் வருமானத்தை எண்ணில் எழுதியவர்கள் மிகக் குறைவு.

பராமரிப்புத் திட்டத்தில் வழக்கமான நோய், எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாக்கியம்: "நன்கு படிக்க ஊக்குவிக்கப்படும்." பயிற்றுநர் இதை அடித்துவிட்டு, யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் வரும் வரை திரும்ப எழுதச் சொல்கிறார். மாற்றுச் சான்றிதழ் வாங்க யார் போவது, எந்தப் பள்ளி, எந்த வாரம். சலிப்பான வேலைதான், ஆனால் கண்காணிப்பாளர்கள் இதில் நன்றாகத் தேறுகிறார்கள்.

ஒரு கடும் குறை இங்கேதான். கோப்பு உண்மையான வழக்கிலிருந்து எடுத்தது. பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு ஊரையும் பள்ளியையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் எந்த விவரமும் வெளியாகக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு. அதே மாவட்டத்துக்காரர்கள் அமர்ந்திருக்கும் அறையில் ஊர்ப் பெயர் ஒன்றே போதும் யாரென்று தெரிய. கற்பனை வழக்கு எழுதுவது ஒரு மணி நேர வேலை. இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலை குழந்தையிடம் பேசும் முறை. "உன்னை அடிச்சாங்களா?" என்ற கேள்வியையும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வியையும் அடுத்தடுத்து நடித்துக் காட்டி, பதில் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போக்சோ பகுதி சுருக்கம், ஆனால் தெளிவு. ஆற்றுப்படுத்துநரிடம் குழந்தை ரகசியமாகச் சொன்னாலும் 19-ஆம் பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதற்காக முழுக்கதையையும் நாமே கேட்டு வாங்க வேண்டியதில்லை. காவல் அலுவலரும் ஆற்றுப்படுத்துநரும் ஒரே மேசையில் இருந்ததால், யார் எந்த அளவோடு நிறுத்துவது என்று அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கும்போது குழந்தைக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபரின் பணியைப் பற்றி மட்டும் ஒரே ஒரு ஸ்லைடு, அது போதாது.

பிற்பகல் மிஷன் வாத்சல்யா இணையதளப் பதிவு. நெட் வரவில்லை, ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்துக் கலைந்தார்கள். பணியாளர்களின் மனச்சோர்வுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி அதில் மூச்சுப் பயிற்சி செய்யவைப்பதை விட, அந்தப் பகுதியையே எடுத்துவிடலாம்.

ஏற்பாடு செய்ய நினைக்கும் மாவட்டங்களுக்கு: ஒரு தொகுதிக்கு 30 பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து மேசை தாண்டினால் ஒரு பயிற்றுநரால் தாள்களைப் பார்க்க முடியாது. எல்லா இல்லங்களின் கண்காணிப்பாளர்களையும் ஒரே தொகுதியில் இழுக்காதீர்கள், இல்லம் யார் பொறுப்பில் இருக்கும்? படிவங்கள் ஆங்கிலத்தில் மட்டும் வருகின்றன, தமிழ்ப் படியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்ப நடத்த வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்தே விலை பேசுங்கள். பயிற்சிக்குப் பிந்தைய தொடர் பார்வை இந்தக் கட்டணத்தில் இல்லை. ஒரு மாதம் கழித்து, அலகிலிருந்து போன அறிக்கைகளில் ஐந்தை எடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரே அந்த மூன்று பேனாக்களோடு உட்காரலாம்.