பாசாவ்–வியன்னா சைக்கிள் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் கரையோரமாகச் சைக்கிளில் போக ஆசைப்படும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கோடையில் நானும் என் கணவரும் போய்வந்தோம். பாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களை ஏமாற்றியது, ஓட்டல், வாடகை சைக்கிள், பெட்டி கொண்டுபோகும் வேன் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்ற நிறுவனம். புகார் இன்னும் முழுதாக முடியாததால் பெயரை எழுதவில்லை. ஆனால் அதே மாதிரி நிபந்தனைகளைப் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் பெயரைவிட அந்த நிபந்தனைகள் என்ன என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

இந்தப் பாதை 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 சைக்கிள் தடத்தின் ஒரு பகுதி. ஆற்றின் போக்கிலேயே போவதால் ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எழுபது வயதுக்காரர்களும் சின்னப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். கையில் ஒரு சின்னப் பையோடு நாம் ஓட்டிக்கொண்டு போவோம். பெரிய பெட்டிகளை வேனில் அடுத்த ஓட்டலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுப் பணமும் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும். அதன் பிறகு ஒரு கண்ணி அறுந்தாலும், பொழுது சாயும் நேரத்தில் மாற்றுத் துணிகூட இல்லாமல் ஆற்றங்கரையில் நிற்பது நாம்தான்.

பாசாவில் ஒரு ஓட்டலின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் சைக்கிள்களைக் கொடுத்தார்கள். கொடுக்க வந்தவர் இளைஞர், நேரமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தார். என் கணவர் தனக்கு வந்த சைக்கிளின் பிரேக்கைப் பிடித்தார். பிடி நேராக ஹேண்டில்பாரில் போய் இடித்தது. குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, கட்டையில ரப்பரே இல்ல" என்றார். பிரேக் கட்டையில் தேய்மானம் தெரிவதற்காக வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகள் சுத்தமாக அழிந்து, வழவழவென்று இருந்தது. முன் சக்கரத்திலும் அதே கதை. வேறு சைக்கிள் கேட்டோம். இல்லை என்றார். கம்பியைக் கொஞ்சம் முறுக்கி இறுக்கிவிட்டு, "வியன்னா வரைக்கும் சமதளம்தான், தாங்கும்" என்று ஒரு தாளை நீட்டினார். 'சைக்கிளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. என் கணவர் அந்த வரிக்குக் கீழே, இரண்டு சக்கரத்திலும் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன என்று ஜெர்மனில் எழுதி, அதற்கடியில் கையெழுத்துப் போட்டார். தாளையும் கட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டோம். சைக்கிள் கொடுத்தவருக்கு முகம் சுருங்கியது. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

அடுத்ததாக ஓட்டல் விஷயம். எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஓட்டல் பெயர் இருந்தது. பக்கத்திலேயே 'அல்லது அதே தரத்தில் வேறொன்று' என்றும் இருந்தது. தரம் என்றால் இவர்கள் கணக்கில் நட்சத்திரம் மட்டும்தான். இடம் அதில் சேராது. காரில் போகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சைக்கிளில் போகிறவருக்கு இடம்தான் எல்லாமே.

ஏன் என்று புரிய அந்த நிலப்பரப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பாசாவைத் தாண்டியதும் டான்யூப் கருங்கல் மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான காடு. ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு வந்த திசைக்கே திரும்பி ஒரு பெரிய வளைவு போடுகிறது. பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆற்று மட்டம் கடலிலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. மேலே மேட்டு நிலமோ 500, 600 மீட்டரில் இருக்கிறது. பாலங்கள் அபூர்வம். ஷ்லோகனுக்கு முன்பே நீடர்ரானாவில் ஒரு பாலம். அதை விட்டால் ஆற்றின் போக்கில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போய் ஆஷாக் பக்கம்தான். நடுவில் கரை மாறச் சைக்கிள் படகுகள் ஓடுகின்றன. ஆனால் அவை பகலில் மட்டும்தான், குளிர்காலத்தில் கிடையாது.

எங்களுக்கு ஷ்லோகனில், ஆற்றை ஒட்டியே அறை என்று போட்டிருந்தது. தென்கரையோரமாக எங்கல்ஹார்ட்ஸெல் தாண்டி, நீடர்ரானா பாலத்தையும் தாண்டி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் அறை இல்லையே என்றார். அப்போது மெயிலைத் திறந்தால், நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த மதிய நேரத்தில் ஒன்று வந்திருந்தது: உங்கள் ஓட்டல் மாற்றப்பட்டுள்ளது, அதே மூன்று நட்சத்திரம். வரைபடத்தில் பார்த்தால் அது எதிர்க்கரையில், மலைமேல் இருக்கும் ஊர். படகு நின்றுவிட்டது. பெட்டிகள் ஏற்கெனவே அங்கே போயாயிற்று. ஷ்லோகனிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று கேட்டால் ஒரு அறைகூடக் காலி இல்லை. அவசர எண் என்று கொடுத்திருந்ததற்கு அடித்தோம். அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும் என்று பதிவு செய்த குரல் பேசியது. அன்று சனிக்கிழமை.

வந்த வழியே திரும்பிப் பாலம் வரை மிதித்தோம். அங்கிருந்து மேலே ஏறும் சாலையில் சைக்கிளுக்கென்று தனித் தடம் இல்லை. கார்கள் வேகமாக உரசிக்கொண்டு போயின. பாதிக்கு மேல் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனோம். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தபோது சமையலறையை மூடிவிட்டார்கள். அந்த ஓட்டல்காரர் நல்ல மனிதர். ரொட்டியும் சீஸும் எடுத்து வந்து வைத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த மாற்றம் தனக்கு இரண்டு நாள் முன்பே தெரியும் என்று அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்களிடம் காலையிலாவது சொல்லியிருந்தால் பாலத்திலேயே திரும்பியிருப்போமே.

மறுநாள் காலை அந்த மலையிலிருந்து இறங்க வேண்டும், அதுவும் அந்தப் பிரேக்கோடு. கொஞ்ச தூரத்திலேயே ரப்பர் கருகும் வாடை வந்தது. அப்புறம் கரகரவென்று உலோகம் உரசும் சத்தம். "நிறுத்துங்க, எறங்குங்க!" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் சாலையோரப் புல்லில் சைக்கிளை இறக்கி எப்படியோ நிறுத்திவிட்டார். பின் சக்கர ரிம் முழுக்க வெள்ளிப் பொடி. நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குச் சுற்றிலும் பள்ளம். கட்டையில் ரப்பர் தீர்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மைக் கடைந்திருந்தது. வளைவில் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மிச்சத் தூரம் முழுக்க நடந்தோம். கீழே வந்ததும் முதல் வேலையாகப் படங்களோடு நிறுவனத்துக்கு மெயில் போட்டோம்: சைக்கிளை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் வழியில் வரும் லின்ஸ் நகரில் நாங்களே சரிசெய்துவிட்டுச் செலவைக் கேட்போம் என்று. பதில் வரவில்லை. லின்ஸ் மெக்கானிக் நாலு கட்டைகளையும் மாற்றினார். கேட்டுக்கொண்டபடி, பழைய கட்டைகள் இரும்பு வரை தேய்ந்திருந்தன என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்.

கிரைனில் எங்கள் பெட்டிகள் நள்ளிரவு நெருங்கும்போதுதான் வந்தன. அந்தச் சின்ன ஊரில் 1791-இல் கட்டிய நகர நாடக அரங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கவே அங்கே தங்கினோம். வேர்த்த உடுப்போடு வரவேற்பறையில் காத்திருந்ததில் அது போயிற்று.

அதற்குப் பிறகு மெல்க் மடத்திலிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கு. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள், சாலையோரத்தில் ஆப்ரிகாட் விற்கும் மேசைகள். டூர்ன்ஸ்டைனில் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டைச் சிறை வைத்திருந்த கோட்டையின் இடிபாடு குன்றின்மேல் நிற்கிறது. ஸ்பிட்ஸில் கரை மாறும் படகுக்கு ஆற்றின் ஓட்டமே விசை. மேலே குறுக்காகக் கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரின் இழுப்பிலேயே அக்கரை போய்விடுகிறது. இதையெல்லாம் எழுதக் காரணம், என் பதிவைப் படித்துவிட்டு யாரும் அந்த ஆற்றுப் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. கட்டாயம் போங்கள்.

வியன்னாவில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கியவர் ரிம்மைத் தடவிப் பார்த்துவிட்டு, 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று குறித்தார். எங்கள் கார்டில் பிடித்து வைத்திருந்த டெபாசிட்டிலிருந்து 180 யூரோ போயிற்று. அவர்களுடைய தேய்ந்த கட்டை அறுத்த ரிம்முக்கு எங்களிடம் பணம்! நிறுவனத்துக்கு விரிவாக எழுதினோம். வந்த பதில் நாலே வரி: நாங்கள் இடைத்தரகர் மட்டும், ஓட்டல், சைக்கிள், வேன் எல்லாம் வேறு வேறு உள்ளூர் நிறுவனங்கள், அவர்களிடம் கேளுங்கள்.

இந்தப் பதிலைப் பார்த்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விடாதீர்கள். தங்குமிடத்தையும் மற்றச் சேவைகளையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பேக்கேஜ் பயணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 என்ற நெறிமுறைப்படி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டங்கள் இதற்குப் பொருந்தும். உள்ளே எத்தனை பேர் வேலை செய்தாலும், பயணத்தை ஏற்பாடு செய்தவரே முழுப் பொறுப்பு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு படிவம் அனுப்பியாக வேண்டும்; எங்களுக்கு வந்ததில் ஏற்பாட்டாளர் என்று அவர்கள் பெயரே இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பியதும் இடைத்தரகர் என்ற பேச்சு நின்றுவிட்டது. ஆனால் அதே சட்டம் நம்மிடமும் ஒன்று கேட்கிறது: குறையைத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆற அமரப் புகார் எழுதினால், அப்போதே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே என்று கையை விரித்துவிடுவார்கள். ஆற்றங்கரையிலிருந்து நாங்கள் போட்ட மெயில்கள் அந்த வழியை அடைத்துவிட்டன.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில். நிறுவனம் இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில். அதனால் ஜெர்மனியின் கெல் நகரத்தில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினோம். சேவை இலவசம். பழைய பதிவுகளில் சொல்லும், ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவழித் தகராறு தீர்க்கும் தளத்தைத் தேடி அலையாதீர்கள், அது 2025 ஜூலை 20-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. கார்டு கொடுத்த வங்கியிலும் அந்த 180 யூரோவுக்கு ஆட்சேபம் பதிந்தோம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்களுக்கு நுகர்வோர் மையத்தின் உதவி கிடையாது, அது ஐரோப்பாவில் அந்த மையங்கள் இருக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இந்தக் கார்டு வழிதான் பெரிய பிடிமானம். ஆகவே வங்கி மாற்றலாகப் பணம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டெபாசிட் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. லின்ஸ் ரிப்பேர் செலவும் வந்தது. ஷ்லோகன் இரவுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள், கேட்டதில் பாதிகூட இல்லை. கிரைன் பெட்டி விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஜெர்மன் சட்டப்படி எங்களுக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. 5000 யூரோ வரையிலான வழக்குகளுக்கு, நாடு விட்டு நாடு போகாமல் படிவத்திலேயே தாக்கல் செய்யும் சிறு கோரிக்கை நடைமுறையும் இருக்கிறது. தேவைப்பட்டால் அதையும் பார்ப்போம்.

இந்த வருடமோ அடுத்த வருடமோ போகப் போகிறவர்கள், பதிவு செய்வதற்கு முன் பேக்கேஜ் விற்கும் நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். ஓட்டலை மாற்றினால் அது பாதையிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர், எந்தக் கரை, எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் யார் போன் எடுப்பார் என்று கேட்டு, அந்த எண்ணுக்கு ஒரு சனிக்கிழமை நீங்களே அடித்துப் பாருங்கள். நிறுவனம் திவாலானால் பணத்துக்கு யார் பொறுப்பு என்ற காப்புறுதிச் சான்றையும் கேளுங்கள், சட்டப்படி அதற்கு ஏற்பாடு இருந்தாக வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், அல்லது ஓட்டல்களை நீங்களே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, சைக்கிளை மட்டும் பாசாவில் ஒரு கடையில் நேரில் போய்ப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.