குதிரைக் கணிப்புப் போட்டி: எந்த முறை நியாயம்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோப்பிக் கடை மேசைக்குப் பந்தய நாளன்று காலையிலேயே ரேஸ் புத்தகம் (அன்று ஓடும் குதிரைகளின் விவரம்) வந்துவிடும். பணம் கட்டுவது கிடையாது. டர்ஃப் கிளப் (குதிரைப் பந்தயக் கழகம்) வழியாக இல்லாமல் இப்படிப் பந்தயம் கட்டினால் சட்டப்படி குற்றம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று எழுதுவோம், சரியாக வந்தால் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளியை எப்படிப் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

முதலில் ஒரு வெற்றிக்கு ஒரு புள்ளி என்று வைத்திருந்தோம். புதியவருக்கும் சட்டென்று புரியும். ஆனால் எட்டு ரேஸிலும் ஃபேவரிட்டையே (எல்லாரும் ஜெயிக்கும் என்று நம்பும் குதிரையையே) எழுதியவர் மேலே வந்துவிடுவார். பழைய ஓட்டங்களைப் படித்து, சுமக்கும் எடை குறைந்ததைக் கவனித்து, 12க்கு 1 விலையில் (ஒன்று கட்டினால் பன்னிரண்டு லாபம்) ஒரு குதிரையைப் பிடித்தவருக்கும் அதே ஒரு புள்ளிதான். இது அநியாயம்.

அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் என்ற பெரிய குதிரைப் பந்தய நாட்களில் நடக்கும் கணிப்புப் போட்டி இதற்கு நேர் எதிர். நுழைய 10,000 டாலர். அதில் 7,500 நிஜமாகவே பந்தயம் கட்ட. எதில் எவ்வளவு போடுவது என்ற சாமர்த்தியமும் அங்கே வெளிப்படும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசி ரேஸில் இருப்பதையெல்லாம் கொட்டியவர் எல்லாரையும் தாண்டிவிடலாம். பால்மரத்தையும் செம்பனையையும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது, 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் அமெரிக்கத் தேசியக் குதிரைக் கணிப்புப் போட்டியின் கணக்கு. எல்லாருக்கும் ஒரே அளவு: வெற்றிக்கு 2 டாலர், பிளேஸுக்கு (முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்) 2 டாலர், அதுவும் கற்பனைப் பணம். டோட் (பந்தயப் பணத்தைப் பங்கிடும் இயந்திரம்) கொடுப்பதே புள்ளி. வெற்றிக்கு 20க்கு 1, பிளேஸுக்கு 10க்கு 1 என்று உச்சவரம்பு உண்டு. கட்டிய 2 டாலரையும் சேர்த்து வெற்றிக்கு 42, பிளேஸுக்கு 22, ஆக ஒரு குதிரையில் 64க்கு மேல் கிடைக்காது.

நாங்கள் இதை எடுத்துக்கொண்டபோது வரம்பை மட்டும் விட்டுவிட்டோம். ஒருநாள் கடைசி ரேஸுக்கு முன் ஏழாவது இடத்தில் இருந்த அண்ணன், புத்தகத்தைத் திறக்காமலேயே 40க்கு 1 குதிரையை எழுதினார். அது வந்துவிட்டது. “எதைப் பார்த்துப் போட்டீங்க அண்ணே?” என்று கேட்டேன். “விலையைத்தான் தம்பி” என்றார்.

சரி, வரம்பு வைத்தோம். அப்படியும் பின்தங்கியவர் கடைசியில் பெரிய விலையைத்தான் தேடினார். ஒவ்வொரு ரேஸுக்கு முன்பும் எழுதவிட்டால் இதைத் தடுக்கவே முடியாது. அடுத்தவர் புள்ளியைப் பார்த்துத்தான் குதிரை எடுப்பார்கள். அதனால் முதல் ரேஸுக்கு முன்பே எல்லாக் கணிப்பையும் உறையில் போட்டு ஒட்டிவிடச் சொன்னேன். ஈப்போவில் மத்தியானம் மழை கொட்டினால் தரை இளகி, கணக்கே மாறிவிடும் என்று சிலர் முறைத்துக்கொண்டார்கள். ஞாயமான பேச்சுதான். இருந்தாலும் அந்த மழை எல்லார் உறைக்கும் ஒன்றுதானே? குதிரை விலகிவிட்டால் மட்டும் மாற்றுக் குதிரை ஒன்று, அதையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடல் 2024இல் மூடியது, பினாங்கிலும் 2025இல் ரேஸ் நின்றது. ஈப்போ, சுங்கை பெசி திடல்கள்தான் மிச்சம். குறைந்த குதிரைகள் ஓடும் ரேஸை இப்போது போட்டியில் சேர்ப்பதில்லை. உறைகளைக் கடைக்காரர் கல்லாவுக்குள் பூட்டி வைக்கிறார். கடைசி ரேஸ் முடியும்வரை சாவி அவர் இடுப்பில்.