நான்கு வருடம், ஏழு நோட்டு, ஒரு தோல் உறை

2021 டிசம்பரில் என் கையால் தைத்த உறை. ஏ5 அளவு கெட்டி அட்டை நோட்டுக்காகச் செய்தது. இதுவரை ஏழு நோட்டு இதற்குள் நிரம்பிவிட்டது. தைத்த கையோடு எழுதியிருந்தால் அழகைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். தினமும் பையில் போட்டு எடுத்த பிறகு சொல்வதற்கு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

தோல் வாங்கியது சென்னை பெரியமேட்டில். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று, நிறம் பளிச்சென்று இருக்கும். கைப்பைக்குச் சரி. ஆனால் மடிப்பு நிற்காது; வெட்டிய ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு அடங்காது. மரப்பட்டையில் பதனிட்டது வேண்டும் என்றேன். "ஈ.ஐ. தோலா?" என்று கேட்டு உள்ளேயிருந்து ஒரு சுருளைக் கொண்டுவந்தார். கிழக்கிந்தியத் தோல் என்பதன் சுருக்கம் அது. கம்பெனி காலத்துப் பெயர், வியாபாரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் இப்படித்தான் பெயர் எடுத்தது. பிற்பாடு வாட்டில் மரப்பட்டைச் சாறும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. முகர்ந்தால் மரப்பட்டை வாசனை, வெளிர் பழுப்பு நிறம், 2 மில்லிமீட்டர் தடிமன். ஒன்றரை மில்லிமீட்டரே போதும் என்பது இப்போது புரிகிறது. என் பையில் கனம் கூடியதற்கு நோட்டு மட்டும் காரணமில்லை.

முதலில் வெட்டிய துண்டு வீண். நோட்டை விரித்து மேசையில் படுக்கவைத்து அளந்து வெட்டிவிட்டேன். தைத்து முடித்து மூடினால், அட்டை வில் மாதிரி வளைந்து நின்றது. மூடும்போது தோல் நோட்டின் முதுகைச் சுற்றிப் போகவேண்டும். 2 மில்லிமீட்டர் தோல் முழுதாக மடங்கும் இடத்தில் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேவை. பையைக் காட்டிலும் நோட்டு உறை எளிது என்று நினைப்பவர்கள் இடறும் இடம் இதுதான். அடுத்த முறை நோட்டை மூடி, நூலை அதைச் சுற்றி வைத்து அளந்தேன். அப்புறம் எந்தத் தொல்லையும் இல்லை.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. ஓரத்திலிருந்து ஒரே இடைவெளியில் கோடு இழுக்க ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த டிவைடர். துளைகளுக்கு இடம் குறிக்கச் சாப்பாட்டு மேசை முள்கரண்டி. அழுத்தினால் நான்கு புள்ளி விழும், கடைசிப் புள்ளியில் முதல் முள்ளை வைத்து நகர்த்திக்கொண்டே போகலாம். நோட்டின் அட்டையைச் செருகும் உள்மடிப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கமாகச் சுமார் 90 துளை. நூல் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு; இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் விடுவது. தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் முதல் துண்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார். "குத்தூசிய நேரா குத்துங்க சார். சாய்ச்சா பின்னாடி தையல் பல்லிளிக்கும்." இளித்துக்கொண்டுதான் இருந்தது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். முதல் வருடத்திலேயே நிறம் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டது. கை படும் முதுகுப்பக்கம் அதைவிடக் கருப்பு. இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது, முன்னட்டையில் இருக்கும் காப்பிக்கொட்டை அளவுக் கறை. மழையில் நனைந்த பைக்குள் இரும்பு கிளிப் ஒன்று இரவு முழுக்க உறையோடு ஒட்டிக் கிடந்தது. தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்புதான். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே கணக்கு. எலுமிச்சைச் சாறு தொட்டுத் தடவினேன், மங்கியது, போகவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் காட்டாமல் மின்விசிறிக் காற்றில் போட்டேன். அதற்குப் பிறகு பருத்திப் பைதான். தேங்காய் எண்ணெயை ஆர்வத்தில் அதிகமாகப் பூசி ஒரு மூலையைத் தொளதொளவென்று ஆக்கியதும் நானே. வருடத்துக்கு ஒரு முறை, விரல்நுனியில் தொட்ட எண்ணெய் போதும்.

தோல் தேயவில்லை, தையல்தான் தேய்ந்தது. தேன்மெழுகு தடவிய பருத்தி நூல் மூன்றாம் வருடம் கீழ்மூலையில் அறுந்தது. இரட்டை ஊசித் தையல் என்பதால் கடகடவென்று பிரிந்து ஓடவில்லை. நாலு துளையோடு நின்றது. அந்த இடத்தை மட்டும் பாலியெஸ்டர் நூலால் திரும்பத் தைத்தேன், நிறம் ஒத்துப்போகவில்லை.

மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். வீணான துண்டையும் சேர்த்தால், கடையில் வாங்கும் உறையின் விலை வந்துவிட்டது. இப்போது எட்டாவது நோட்டு. முதுகு 3 மில்லிமீட்டர் தடிமன் கூடி வந்திருக்கிறது. உறைக்குள் போகிறது, மூடினால் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே அகராதியை வைத்திருக்கிறேன்.