லோக்கல்ஹோஸ்டா, 127.0.0.1-ஆ?

கணக்கு, சரக்கு, சம்பளம் என பிஎச்பி மொழியில் எழுதி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் தரவை வைக்கும் வணிக மென்பொருளை நிறுவும்போது, 'டேட்டாபேஸ் ஹோஸ்ட்' (டேட்டாபேஸ் எந்தக் கணினியில் இருக்கிறது) என்ற கட்டத்தில்தான் பலருக்கும் வேலை நின்றுபோகிறது. தலைப்பில் உள்ள இரண்டும் ஒரே கணினியை, அதாவது மென்பொருள் ஓடும் அதே கணினியைத்தான் குறிக்கின்றன. ஆனால் லினக்ஸில் போகும் வழி வேறு.

லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் சர்வரை ஒரு சாக்கெட் கோப்பு (ஒரே கணினியில் உள்ள இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் கோப்பு) வழியாகத் தேடும். நெட்வொர்க் பக்கமே போகாது என்பதால் வேகம். ஆனால் பிஎச்பி தேடும் இடம் ஒன்று, சர்வர் அந்தக் கோப்பை வைத்திருக்கும் இடம் வேறு என்றால் பிழை 2002 வரும். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், கடவுச்சொல்லும் சரியாக இருக்கும். பாவம், நிறுவுபவர் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார். இந்த வழியில் போர்ட் எண் (சர்வர் காத்திருக்கும் வாசலின் எண்) கொடுத்தாலும் அது கணக்கில் வராது.

127.0.0.1 என்றால் டிசிபி என்ற நெட்வொர்க் முறை வழியாக நேராகப் போர்ட்டுக்கு; வேறு எண் கொடுக்காவிட்டால் 3306. சாக்கெட் கோப்பு எங்கிருந்தாலும் கவலையில்லை.

2002 வந்தால் சர்வர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் 127.0.0.1 போட்டுப் பாருங்கள். என் கை அதற்குத்தான் போகும். 1045 வந்தால் விஷயமே வேறு: சர்வரை எட்டிவிட்டீர்கள், பயனர் பெயர், கடவுச்சொல், அனுமதி இவற்றில்தான் கோளாறு. அப்புறம், மென்பொருளும் டேட்டாபேஸும் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்களில் (ஒவ்வொன்றும் தனிக் கணினி போல நடந்துகொள்ளும்) இருந்தால் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 இரண்டுமே உதவாது. டேட்டாபேஸ் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள்.