பச்சைச் சிப்பியா, ஆளியா? கழிமுக மாசை அளக்க எது தோது

எண்ணூர் கழிமுகத்தில் உலோக மாசை அளக்க இறங்கியபோது, பச்சைச் சிப்பியை எடுப்பதா ஆளியை எடுப்பதா என்று எங்களுக்குள் பெரிய பேச்சே நடந்தது. கேரளத்தில் கல்லுமக்காய் என்று வறுத்துச் சாப்பிடுவார்களே, அதுதான் பச்சைச் சிப்பி. ஆளி என்பது ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர் என்கிறார்களே, அந்த ஓட்டு உயிரி. நான் பச்சைச் சிப்பியின் பக்கம்.

இரண்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கிடந்து நீரை வடிகட்டித் தின்பவை. உள்ளே போன மாசு உடம்பில் சேர்ந்துகொண்டே வரும். அமெரிக்காவில் 1986 முதல் நடக்கும் கடலோரக் கண்காணிப்பில் பச்சைச் சிப்பியின் உறவினங்களையும் ஆளியையும் பயன்படுத்துகிறார்கள்.

துத்தநாகம், செம்பு என்றால் ஆளிதான். சிப்பியைவிடப் பல மடங்கு சேர்த்துக்கொள்ளும். பச்சைச் சிப்பியோ துத்தநாகத்தை உடம்புக்குள் ஓரளவு கட்டுப்படுத்திவிடும்; நீரில் ஏறினாலும் சதையில் அவ்வளவாகத் தெரியாது. ஈயத்துக்குச் சிப்பி மேல். அதனால் இரண்டின் எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடவே கூடாது.

சரி, எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம்: இடம் மாற்றும் வசதி. ஆளி பாறையோடு சிமென்ட் போட்டதுபோல் ஒட்டியிருக்கும். உளி வைத்துத் தட்டினால் பாதி ஓடு உடையும், சதை கிழியும். உடைந்ததை வைத்து என்ன அளப்பது? சிப்பி நார்களால்தான் பிடித்திருக்கிறது. கத்தியால் நாரை அறுத்து, ஒரே அளவுக் காய்களாகப் பொறுக்கி, வலைப்பையில் போட்டு நமக்கு வேண்டிய இடத்தில் தொங்கவிடலாம். மறுநாள் காலையில் பையைத் தூக்கிப் பார்த்தால் புது நார் விட்டு வலையைப் பிடித்திருக்கும். கோவளம் பாறையில் எடுத்ததில் ஒரு பங்கை முதலிலேயே சோதித்து வைத்துக்கொண்டால், மீதியைத் தொங்கவிட்ட பிறகு ஏறியது எவ்வளவு என்று நேராகவே தெரியும். இயற்கையாகக் கிடக்கும் ஆளியில் இந்தத் தொடக்கக் கணக்கு கிடைக்காது. அதன் வயதும் தெரியாது. கழிவுக் குழாயின் வாயருகே ஆளியே இல்லாமலும் போகலாம். சிப்பிப் பையை அங்கேயே கட்டலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. எடுத்த காயைச் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் விட்டுக் குடலைக் காலியாக்க வேண்டும். இல்லாவிட்டால் குடலில் இருக்கும் சேற்றின் உலோகமும் சதைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம் மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் கழிமுகத்து நீர் உப்பு குறைந்து போனதும் எங்கள் பைகளில் பல காய்கள் வாய் பிளந்து செத்தன. ஆளி அதைத் தாங்கியது. ஆளியோடு எனக்கு அந்த ஒரு பருவ அனுபவம்தான். இருந்தாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆற்றுநீர் வந்து சேரும் இடங்களில் ஆளியையே எடுப்பேன்.